ஒற்றைக் கல்லும் ஒன்பது கல்லும்

“பேரைச் சொல்லாதே, முகத்தைக் காட்டாதே, கைரேகையும் வேண்டாம். பித்தக்குழாயை மட்டும் காட்டு. அது யாரோடதுன்னு மூணு மணிக்குள்ள ஆளோட நிறுத்தறேன்.”

இப்படி ஒரு வாக்கியத்தை ஒரு மனுஷி காலை பத்து மணிக்குத் தெளிந்த புத்தியோடு சொன்னால், கேட்கிறவன் என்ன செய்வான்? கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பாதி டீ தொண்டைக்குள் போனது. மீதி மூக்கு வழியாகத் திரும்பி வந்தது.

சொன்னவர் பெரிய சிஸ்டர். முப்பத்து நாலு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் வாயைத் திறப்பதற்குள் கத்தியை எடுத்து நீட்டியவர். ஓய்வு பெற்ற மறுநாளே துப்பறியும் தொழிலில் இறங்கி, இதுவரை இருபத்தாறாயிரம் வழக்குகளைத் தீர்த்தவர். கண்டக்டரின் எண்ணிக்கைப்படி ஆறு. அதிலும் ஒன்று காணாமல் போன பூனை. அது தானாகவே வீட்டுக்குத் திரும்பியது.

கண்டக்டர், பெரிய சிஸ்டருடைய காலஞ்சென்ற கணவரின் தம்பி. முப்பத்தெட்டு வருடம் பஸ்ஸில் விசிலடித்தவர். உலகத்தில் அவர் நம்புவது ஒன்றே ஒன்றுதான்: தலை எண்ணிக்கை. நெரிசலான பஸ்ஸின் பின்படியில் நின்று ஒரு பார்வை விட்டால் போதும், மடியில் தூங்கும் குழந்தை உட்பட எண்ணி முடித்துவிடுவார்.

“அண்ணி, நேத்து என்னையே பாத்து ‘யாருப்பா நீ, என்ன வேணும்’னு கேட்டீங்க.”

“நீ முடி வெட்டியிருந்தே.”

“எதிர்வீட்டுக்காரர் பத்து வருஷமா அங்கேயேதான் இருக்கார். அவரை இன்னும் சிலிண்டர் போடுற ஆள்னு நினைச்சு ‘நாளைக்கு வாங்க’ன்னு அனுப்பறீங்க. உங்களுக்கு முகமே நிக்காது. குழாய் நிக்குமாக்கும்?”

“முகம் சிரிக்கும், முறைக்கும், பவுடர் போடும். குழாய்க்கு அந்த வேஷமெல்லாம் தெரியாது தம்பி. பொறந்தப்போ எப்படியோ, போறப்பவும் அப்படியே.”

எதிரே உட்கார்ந்திருந்த மூன்றாவது ஆள் சிரிக்கவில்லை. சின்ன டாக்டர் சிரித்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

ஏழு வாரத்துக்கு முன்பு, பித்தப்பையில் கல் என்று ஒரு தையற்காரி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி, மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வெட்டக்கூடாத ஒரு குழாய் வெட்டுப்பட்டது. பித்தம் வயிற்றுக்குள் கசிந்தது. பத்தொன்பதாம் நாள் தையற்காரி இறந்துபோனாள். இன்று மூன்று மணிக்கு விசாரணை. கத்தரிக்கோலைப் பிடித்திருந்தது சின்ன டாக்டரின் கை. ‘கவனக்குறைவு’ என்று குழு எழுதிவிட்டால், அந்தப் பெண் இனி ஜென்மத்துக்கும் டாக்டர் இல்லை.

“நான் ஸ்கிரீன்ல பாத்தேன் சிஸ்டர்,” என்றாள் சின்ன டாக்டர். “கூடுதலா ஒரு குழாய் தெரிஞ்சுது. ‘சார், இது வேற மாதிரி இருக்கு, ஸ்கேன் படத்தை ஒரு தடவை பாத்துக்கலாமா’ன்னு கேட்டேன். பக்கத்துல நின்ன சீஃப் சர்ஜன், ‘படமெல்லாம் பாத்தாச்சு, வெட்டு’ன்னார். வெட்டினேன்.”

“கேட்டதுக்கு சாட்சி?”

“மயக்க டாக்டர் வெளிய போன் பேசிட்டிருந்தார். நர்ஸ் காதுல விழலையாம்.”

“இப்போ ஃபைல்ல இருக்கற படம்?”

சின்ன டாக்டர் மேசைமேல் ஒரு ஃபிலிமை வைத்தாள். விசாரணைக்காக அவளுக்குக் கொடுத்த நகல். ஓரத்தில் தையற்காரியின் பெயர், வயது, தேதி. “இதுல குழாயெல்லாம் அச்சு அசலா புத்தகத்துல இருக்கற மாதிரி இருக்கு. இப்படி நேரா இருக்கற இடத்துல தப்பா வெட்டினா, அது என் குத்தம்தானே? ஆனா நான் உள்ளே பாத்தது இது இல்ல.”

“ஸ்கேன் சென்டர்ல கேக்க வேண்டியதுதானே?” என்றார் கண்டக்டர்.

“அது சீஃபோட மாமனார் சென்டர். கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சாம்.”

“பாவம், அதுக்கும் வயித்துவலியோ என்னவோ.”

பெரிய சிஸ்டர் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிடித்தவர் கையைக் கீழே இறக்கவே இல்லை. கண்டக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் மென்றவர் முகம்.

“இது என்ன அண்ணி, மரமா, வேரா?”

“மேப். ஈரலோட வலது பக்கம் ஒரு ஊர், இடது பக்கம் ஒரு ஊர். ஊருக்கு ஒரு ரோடு. ரெண்டும் சேர்ந்து மெயின் ரோடாகி கீழ இறங்குது. இந்தப் பை ஒரு டிப்போ. டிப்போவுல இருந்து ஒரு சின்ன ரோடு வந்து மெயின் ரோட்டைத் தொடுது. டிப்போ வேண்டாம்னா என்ன செய்யணும்?”

“சின்ன ரோட்டை அடைச்சுட்டு டிப்போவைத் தூக்கணும்.”

“ஆனா பத்துல நாலு பேருக்கு மேப் இப்படி இருக்காது. சிலருக்கு வலது ஊரோட பின்பக்கத்துக் கிளை ரோடு தனியா இறங்கி வந்து, டிப்போ ரோட்டுலயே சேரும். அந்தம்மாவுக்கு அப்படித்தான் இருந்திருக்கும். மேப் பாக்காம வெட்டினா?”

“அந்த ஊர் பஸ்ஸெல்லாம் நடுவழியில நிக்கும்.”

“நிக்காது தம்பி. வயல்ல இறங்கும்.”

கண்டக்டருக்கு நகைச்சுவை எதுவும் தோன்றாத அபூர்வ நிமிடம் அது. அதைச் சமாளிக்க, வழக்கம்போல எண்ணத் தொடங்கினார். ஃபிலிமில் பை வெள்ளையாக இருந்தது. உள்ளே கறுப்புப் பொட்டுகள். “இது என்ன, பயணிங்களா? ஏழு தனி, ரெண்டு ஒட்டிக்கிட்டு. மொத்தம் ஒன்பது.”

“கல்லு,” என்றார் பெரிய சிஸ்டர். “நீ சும்மா இருக்கற நேரத்துலகூட உபயோகமா இருக்கே. கிளம்பு.”

*

தையற்காரியின் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். முன்னறையில் தையல் மெஷின். ஊசிக்குக் கீழே ஒரு கை மட்டும் தைத்த சட்டை அப்படியே கிடந்தது. அதன்மேல் தூசி படியாமல் ஒரு செய்தித்தாளைப் போர்த்தி வைத்திருந்தார்.

“இன்னும் என்ன விசாரிக்கப் போறீங்க?” என்றார் அவர், கதவை முழுவதும் திறக்காமல்.

“எடுத்த கல்லை உங்ககிட்ட குடுத்தாங்களா?” என்று கேட்டார் பெரிய சிஸ்டர்.

எந்தத் தியேட்டரிலும் நடக்கிற வழக்கம்தான் அது. பித்தப்பையை எடுத்ததும் நர்ஸ் அதைப் பிரித்து, கல்லைக் கழுவி, மூடி போட்ட சின்னப் பாட்டிலில் வெளியே உட்கார்ந்திருப்பவர் கையில் கொடுப்பாள். ‘பாத்துக்குங்க, இதுதான் இவ்வளவு நாள் படுத்தினது.’ வாங்குகிறவருக்கு அதை வைத்துக்கொள்ளவும் தெரியாது, எறியவும் மனசு வராது.

வேன்காரர் உள்ளே போய் அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்து வந்தார். “கண்ணு முழிச்சதும் அவ கேட்டது இதைத்தான். ‘காட்டுங்க, எப்படி இருக்குன்னு பாக்கணும்’னா. பாத்துட்டு, ‘இத்தனூண்டுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்’னு சிரிச்சா. அதுக்கப்புறம் அவ சிரிக்கல.”

பாட்டிலுக்குள் ஒரே ஒரு கல். கோலிக்குண்டு அளவு.

கண்டக்டர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார். “மிச்சம் எட்டு எங்கே?”

“என்ன மிச்சம்? குடுத்தது இதான். நர்ஸ் என் கண்ணு முன்னாடி மூடினாங்க.”

“ஒன்பது பேர் ஏறின பஸ்ஸுல இருந்து ஒருத்தர் மட்டும் இறங்கறார், அதுவும் வேற ஆளு,” என்று முணுமுணுத்தார் கண்டக்டர்.

“இதைச் சாயங்காலம் வரைக்கும் எங்ககிட்ட குடுங்க,” என்றார் பெரிய சிஸ்டர். “ஃபைல்ல இருக்கற படம் உங்க வீட்டம்மாவோடது இல்ல. அது யாரோடதுன்னு குழாயை வச்சே ஆளைக் காட்டறேன்.”

வேன்காரர் கண்டக்டரைப் பார்த்தார். “இது நடக்கற காரியமா?”

“நடக்காது,” என்றார் கண்டக்டர் ஒளிவுமறைவு இல்லாமல். “ஆனா பாட்டில் பத்திரமா திரும்பி வரும். அதுக்கு நான் பொறுப்பு.”

*

பன்னிரண்டரை மணிக்குக் கண்டக்டருக்கு வயிற்றுவலி வந்தது. பெரிய சிஸ்டரின் உத்தரவுப்படி வந்த வலி. சீஃப் சர்ஜனின் அறைக்குள் போய், அவர் மேசைமேல் இருப்பதைப் பார்த்து, எண்ணிக்கொண்டு திரும்ப வேண்டும். எதை எண்ண வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. ‘பாத்தா உனக்கே தெரியும்’ என்று ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார். அவர் உள்ளே வந்தால் துடைப்பக்கட்டை முதல் தூண் வரை எல்லாமே ‘சிஸ்டர்’ என்று எழுந்து நிற்கும்.

சீஃப் அழகான மனிதர். குரலே பாதி நோயைக் குணமாக்கிவிடும்.

“எங்கே வலி?”

“பித்தப்பையில கல்லாம்,” என்று கண்டக்டர் இடது பக்கத்தைத் தொட்டார்.

“பித்தப்பை வலது பக்கம்ங்க.”

“எனக்கு மாறி இருக்குமோ என்னவோ டாக்டர். பத்துல நாலு பேருக்கு உள்ளே மேப் வேற மாதிரின்னு சொல்றாங்களே.”

சீஃபின் பேனா ஒரு விநாடி நின்றது. “அதெல்லாம் புத்தகத்துல எழுதறது. முப்பது வருஷத்துல என் கைக்குப் பெரிசா எதுவும் மாறித் தெரியல. பயப்படாதீங்க.” அவர் மேசைமேல் இருந்த ஒரு கண்ணாடிக் குமிழைக் கையில் எடுத்தார். காகிதம் பறக்காமல் வைக்கிற குமிழ். “இதோ பாருங்க. எனக்கும் கல் இருந்துச்சு. அஞ்சு வருஷம் முன்னாடி எடுத்தாங்க. மறுவாரமே நான் ஆபரேஷன் பண்ண வந்துட்டேன். வர்ற பேஷன்ட் எல்லாருக்கும் இதைக் காட்டுவேன். பயம் போயிடும்.”

கண்ணாடிக்குள் மிளகு மாதிரி கற்கள் உறைந்திருந்தன. கண்டக்டர் எண்ணினார். குமிழைத் திருப்பி மறுபடி எண்ணினார். இடது பக்கத்தில் பொய்யாக இருந்த வலி வலது பக்கத்துக்கு நிஜமாகவே நகர்ந்தது.

வெளியே மரத்தடி பெஞ்சில் பெரிய சிஸ்டர் உட்கார்ந்திருந்தார்.

“எத்தனை?”

“அண்ணி, உங்களுக்கு முன்னாலயே…”

“எத்தனைன்னு கேட்டேன்.”

“ஏழு தனி. ஒரு ஜோடி.”

இருபத்தாறாயிரம் வழக்குகளில் முதல்முறையாகப் பெரிய சிஸ்டர் தான் கண்டுபிடித்ததற்குச் சந்தோஷப்படவில்லை. “எட்டா இருந்துடக்கூடாதான்னு நினைச்சேன்,” என்றார். “இருபத்திரண்டு வருஷம் அந்த ஆளுக்குக் கத்தி எடுத்துக் குடுத்திருக்கேன்.”

*

மூன்று மணி. நீள மேசைக்கு அந்தப் பக்கம் குழுத் தலைவியும் இரண்டு டாக்டர்களும். இந்தப் பக்கம் ஒரு முனையில் சீஃப், மறுமுனையில் சின்ன டாக்டர். சாட்சிகளுக்கான நாற்காலியில் பெரிய சிஸ்டரும், நெளிந்துகொண்டு கண்டக்டரும்.

சீஃப் அருமையாகப் பேசினார். சின்ன டாக்டரைத் திட்டவே இல்லை, அதுதான் கொடுமை. “நல்ல பொண்ணு. கெட்டிக்காரி. கொஞ்சம் அவசரம். படம் தெளிவா இருக்கு, குழாய் இருக்க வேண்டிய இடத்துல இருக்கு. நான் ஒரு நிமிஷம் திரும்பினதுக்குள்ள வெட்டிட்டா. எனக்கு என் பொண்ணு மாதிரி. ஆனா ஒரு உயிர் போயிருக்கே…”

பெரிய சிஸ்டர் எழுந்து பாட்டிலை மேசைமேல் வைத்தார். கல் உள்ளே உருண்டு ‘டக்’கென்று நின்றது. “அந்தம்மா வயித்துல இருந்து எடுத்தது. ஒண்ணு. படத்துல எண்ணிப் பாருங்க.”

தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணினார். “ஒன்பது.”

“சின்னக் கல்லு ஒண்ணு ரெண்டு நழுவி வெளிய போகும்,” என்றார் சீஃப்.

“போகலாம் சார். ஒன்பதும் கைகோத்துக்கிட்டு ஒரே கோலிக்குண்டா ஆகுமா?”

சீஃப் ஒரு விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. கைகளை விரித்தார். “அப்போ ஸ்கேன் சென்டர்ல படம் மாறியிருக்கு. அங்கே வேலை பாக்கறவங்க செய்யற தப்பு. நானும் ஏமாந்திருக்கேன். தப்பான படத்தை நம்பியிருக்கேன்னா, பாவம், அதுக்கு யார் என்ன பண்ண முடியும்?”

பார்த்தீர்களா சாமர்த்தியத்தை! பிடித்த கையிலேயே கையைத் துடைத்துவிட்டார். குழுவிலிருந்த டாக்டர் ஒருவர் தலையைக்கூட ஆட்டிவிட்டார். சின்ன டாக்டரின் முகத்தில் வந்த கொஞ்ச ரத்தமும் இறங்கிவிட்டது.

“படம் மாறல,” என்றார் பெரிய சிஸ்டர். “மாத்தியிருக்காங்க. மாமனார் சென்டர்ல ஒரு படத்துல பேரை மாத்தி அடிக்கறது பெரிய வேலையா? ஃபைல்ல படமே இல்லைன்னா கேள்வி வரும். வேற பேஷன்ட் படத்தை வச்சா, அந்த பேஷன்ட் ஃபைலோட ஒத்துப் பாத்துடுவாங்க. எந்த ஃபைலோடவும் ஒத்துப் பாக்க முடியாத ஒரு படம் வேணும். இந்த ஆஸ்பத்திரியில ஆபரேஷன் நடந்தும் ஃபைலே போடாத ஆள் ஒருத்தர்தான். இங்கேதான் உக்காந்திருக்கார். தம்பி, சொல்லு.”

கண்டக்டர் எழுந்து நின்றார். வழக்கமாகப் பேசுகிற பேச்சில் நூறில் ஒரு பங்கு வந்தது. “ஐயா மேசைல ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்குங்க. அதுல அவரோட கல்லு. நான் எண்ணினேன். ஏழு தனி. ரெண்டு ஒட்டினது. இந்தப் படத்துல இருக்கற மாதிரியே.”

“கல்லு எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்!” சீஃபின் குரலில் முதல்முறையாக வழவழப்பு குறைந்தது. “ஒரு பஸ் கண்டக்டர் எண்ணிக்கையை வச்சு…”

“கல்லு ஒரே மாதிரி இருக்கலாம் சார். குழாய் இருக்காது,” என்றார் பெரிய சிஸ்டர். “கல்லையும் பையையும் எடுத்தாச்சு, ஆனா மேப் இன்னும் உங்க வயித்துக்குள்ள அப்படியேதான் இருக்கு. வேற ஊர் சென்டர்ல இன்னிக்கே ஒரு ஸ்கேன் எடுங்க. இந்தப் படத்து மேல வச்சுப் பாத்துடலாம். நான் சொல்றது தப்புன்னா இங்கேயே மன்னிப்புக் கேக்கறேன்.”

சீஃப் எழுந்திருக்கவில்லை.

தலைவி மெதுவாகக் கேட்டார்: “சிஸ்டர், படத்தைப் பாத்த உடனே உங்களுக்கு எப்படி சாரோடதுன்னு தோணிச்சு?”

பெரிய சிஸ்டர் சீஃபைப் பார்த்தே பதில் சொன்னார். “சாருக்கு ஆபரேஷன் பண்ண வெளியூர் சர்ஜன் வந்தார். மேசைல படுத்ததும் சார் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். ‘சிஸ்டர், வெட்டறதுக்கு முன்னாடி என் படத்தை இன்னொரு தடவை பாக்கச் சொல்லுங்க. அவசரப்படுத்தாதீங்க. உள்ளே மருந்து விட்டு ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க. யாருக்கு எப்படி இருக்கும்னு சொல்ல முடியாது’ன்னார். அந்தப் படத்தை விளக்கு முன்னாடி தூக்கிப் பிடிச்சவ நான். இருபது நிமிஷம். கை மரத்துப் போச்சு. அதான் மறக்கல.”

அவர் மேசைமேல் இருந்த ஃபிலிமைச் சீஃப் பக்கமாக நகர்த்தினார்.

“உங்க வயித்துக்கு இருபது நிமிஷம் சார். அந்தத் தையக்காரம்மா வயித்துக்கு எவ்வளவு நேரம் பாத்தீங்க?”

சீஃப் தன் கைகளைப் பார்த்தார். நல்ல கைகள். ஆயிரம் பேரைப் பிழைக்க வைத்த கைகள், அதுவும் பொய்யில்லை.

“அவங்க படம் எங்கே?” என்றார் தலைவி.

“என் வீட்டுல இருக்கு.”

“ஆபரேஷனுக்கு முன்னாடி பாத்தீங்களா?”

“கவரையே பிரிக்கல. அன்னிக்கு எட்டு கேஸ். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்னு… கசிவுன்னு தெரிஞ்சப்புறம்தான் பிரிச்சேன். கிளைக் குழாய் தெளிவா இருந்துச்சு. படிக்கற பசங்ககூட சொல்லிடுவாங்க.”

“இந்தப் பொண்ணு கேட்டுச்சா?”

“கேட்டா.”

தலைவி பேனாவை மூடினார். சின்ன டாக்டரின் பெயரை விசாரணையிலிருந்து நீக்குவதாகச் சொன்னார். வெளியே வராந்தாவில் கண்டக்டர் அவளுக்கு வாழ்த்துச் சொல்லப் போனார். அவள் தலையை ஆட்டினாள்.

“ஒரு தடவைதான் கேட்டேன் சார். இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கத்தரிக்கோல் என் கையிலதானே இருந்துச்சு.”



*

பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போகும் வழியில் கண்டக்டர் நின்றார். “காலையில ஜன்னல்கிட்ட தூக்கிப் பிடிச்சப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு. அப்புறம் எதுக்கு என்னை வயித்துவலியோட அனுப்பினீங்க?”

“இத்தனை வருஷம் கூட வேலை பாத்தவ நான் சொன்னா, ஏதோ பழைய கோபத்துல சொல்றான்னுவாங்க. நீ சொன்னா எண்ணிக்கை.” கொஞ்ச தூரம் போய் அவர் தானாகவே சொன்னார்: “பத்தாயிரம் குழாய் பாத்திருக்கேன் தம்பி. எனக்கு ஞாபகம் இருக்கறது அது ஒண்ணுதான். அதுவே இன்னிக்கு என் கையில வந்தது என் போறாத காலம்.”

“அப்போ காலையில அடிச்சீங்களே ஒரு பீத்தல்!”

“நடந்துச்சா இல்லையா?”

பெரிய சிஸ்டர் தெருமுனையிலேயே நின்றுகொண்டார். அந்த வீட்டுக்குள் இன்னொரு தடவை போக அவருக்குத் தெம்பு இல்லை.

வேன்காரர் பாட்டிலை வாங்கி, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று திருகிப் பார்த்தார். கண்டக்டர் நடந்ததைச் சொன்னார். கூட்டாமல் குறைக்காமல், நகைச்சுவை ஒன்றுகூட இல்லாமல். கேட்டு முடித்த வேன்காரர் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“குழாயைப் பாத்தே ஆளைக் கண்டுபிடிச்சாங்களா? நீங்கதானே காலையில நடக்காதுன்னீங்க?”

“சொன்னேன்.” கண்டக்டர் வாசற்படியில் நின்றபடியே, இல்லாத விசிலைத் தேடுகிறவர்போலச் சட்டைப்பையைத் தடவினார். “நடந்துச்சுங்க. நானே எண்ணினேன்.”

வேன்காரர் தலையை நிமிர்த்தவில்லை.

“அந்தக் கவரைப் பிரிக்காமயே வெட்டினாங்களே,” என்றார் கண்டக்டர். “அதுவும் நடந்துச்சுங்க.”